வியாழக்கிழமை இரவும் சவாய் நடன அரங்கமும்

1930-களின் அமெரிக்காவில் பணக்கார வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து வந்த பெண்களுக்கு வாரம் முழுக்க வேலை. ஓய்வு என்று கிடைப்பது பெரும்பாலும் வியாழக்கிழமை மாலைதான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கில் அந்த இரவுக்குத் தனிப் பெயரே உண்டு: 'கிச்சன் மெக்கானிக்ஸ் நைட்'. அடுப்படியில் பாடுபடும் கறுப்பினப் பெண்களுக்கு வைக்கப்பட்ட செல்லக் கேலிப் பெயர் அது.

இப்படி ஒரு ஜோடியைக் கற்பனை செய்து பாருங்கள். ஆண்டு 1934. அவள் ஒரு வெள்ளையர் வீட்டில் சமையல்காரி. அவன் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டர். பகலெல்லாம் "சரிங்கம்மா", "சரிங்கய்யா" என்று சொல்லியே ஓய்ந்து போனவர்கள். இன்று வியாழக்கிழமை. இருக்கிற ஒரே நல்ல உடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, ஐந்து சென்ட் டிக்கெட்டில் சுரங்க ரயில் ஏறி ஹார்லெம் வந்து சேர்கிறார்கள்.

<b>ஒரே தெரு, இரண்டு வாசல்கள்</b>

அவர்கள் நடக்கும் லெனாக்ஸ் அவென்யூவில் இரண்டு புகழ்பெற்ற இடங்கள் இருந்தன. ஒன்று, 142-வது தெரு மூலையில் இருந்த காட்டன் கிளப். அங்கே மேடையில் ஆடுபவர்களும் பாடுபவர்களும் கறுப்பினத்தவர்கள். ஆனால் மேசையில் உட்கார்ந்து ரசிப்பவர்கள் வெள்ளையர்கள். ட்யூக் எலிங்டன் என்ற மாபெரும் இசைக் கலைஞர் 1927 முதல் சில ஆண்டுகள் அங்கேதான் வாசித்தார். ஆனால் அவருடைய இனத்தைச் சேர்ந்த ஒரு சாதாரண ஜோடி காசு கொடுத்து உள்ளே போய் அவர் வாசிப்பைக் கேட்டுவிட முடியாது!

இன்னொன்று, கூப்பிடு தூரத்தில், 140-க்கும் 141-க்கும் இடையில் இருந்த சவாய். 1926 மார்ச் 12-ஆம் தேதி திறக்கப்பட்டது. முதலாளி மோ கேல் என்ற வெள்ளையர். நிர்வாகி சார்லஸ் புக்கானன் என்ற கறுப்பினத்தவர். திறந்த நாள் முதலே கறுப்பர், வெள்ளையர் யார் வேண்டுமானாலும் வரலாம், ஒரே தளத்தில் ஆடலாம். அன்றைய அமெரிக்காவில் இது மிக அபூர்வம். கட்டணமும் ஒரு டாலருக்குள்தான். சமையல்காரிக்கும் போர்ட்டருக்கும் கட்டுப்படியாகும்.

<b>தளமும் இசையும்</b>

படியேறி மாடிக்குப் போனால் கண்ணில் படுவது பளபளக்கும் மரத்தளம். சுமார் 200 அடி நீளம், 50 அடி அகலம். கால் ஊன்றும்போது மெல்ல அமுங்கி, திரும்ப எழும்பும்படி அமைக்கப்பட்ட தளம் அது. சிமெண்ட் தரையில் ஒரு மணி நேரம் குதித்தால் முழங்கால் போய்விடும். இதில் இரவு முழுக்க ஆடலாம். ஆடி ஆடியே பலகைகள் தேய்ந்து போவதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தளத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

இசைக்கு ஒன்றல்ல, இரண்டு மேடைகள். ஒரு பேண்ட் களைத்து நிறுத்தும்போது அடுத்த பேண்ட் எடுத்துக்கொள்ளும். ஆடுபவர்களுக்கு இடைவெளியே கிடையாது. சவாயின் நாயகன் சிக் வெப் என்ற டிரம்ஸ் கலைஞர். சிறு வயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கூன் விழுந்து, குள்ளமாகவே வளர்ந்தவர். ஆனால் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்த அரங்கமே அவர் கையில்.

1937 மே 11 அன்று, 'ஸ்விங்கின் ராஜா' என்று பத்திரிகைகள் கொண்டாடிய வெள்ளையர் பென்னி குட்மன் தன் பேண்டோடு சவாய்க்கு வந்து சிக் வெப்போடு மோதினார். உள்ளே சுமார் 4,000 பேர். இடம் கிடைக்காமல் தெருவில் நின்றவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில். ஜெயித்தது சிக் வெப் என்பதே கூட்டத்தின் தீர்ப்பு. குட்மனின் டிரம்ஸ் கலைஞர் ஜீன் க்ரூபாவே வெப்புக்குத் தலைவணங்கினார் என்பார்கள். இரண்டே ஆண்டுகளில், 1939-இல், இளம் வயதிலேயே சிக் வெப் காலமானார்.

<b>லிண்டி ஹாப்</b>

நம் ஜோடி ஆடப்போகும் நடனத்தின் பெயர் லிண்டி ஹாப். 1927-இல் சார்லஸ் லிண்ட்பெர்க் தனியாளாக விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டினார் அல்லவா? அவருடைய செல்லப் பெயர்தான் 'லிண்டி'. ஷார்ட்டி ஜார்ஜ் ஸ்னோடன் என்ற ஹார்லெம் நடனக்காரர் இந்தப் பெயரைச் சூட்டினார் என்று சொல்லப்படுகிறது.

வால்ட்ஸ் போன்ற ஐரோப்பிய நடனங்களில் ஜோடி கடைசி வரை அணைத்தபடியே சுற்றும். ஆண் நடத்துவான், பெண் தொடர்வாள். லிண்டி ஹாப்பில் எட்டு எண்ணும் நேரத்துக்குள் இருவரும் நெருங்கி வந்து, சுழன்று, ஒரு கையை மட்டும் பற்றியபடி விலகிப் போவார்கள். அப்படி விலகி நிற்கும் அந்த நொடியில் என்ன செய்வது என்பது அவரவர் இஷ்டம். பகலெல்லாம் அடுத்தவர் ஏவலுக்கு அசைந்த சமையல்காரியின் கால்கள், அந்த நொடியில் அவள் விருப்பத்துக்கு மட்டுமே அசையும்.

தளத்தின் ஒரு மூலைக்குப் பெயர் 'கேட்ஸ் கார்னர்'. கைதேர்ந்தவர்கள் ஆடும் இடம். ஃப்ராங்கி மேனிங் என்ற இளைஞர் 1935-இல் தன் ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனை முதுகின் மேலாகச் சுழற்றித் தூக்கி, தாளம் தவறாமல் தரையில் இறக்கினார். 'ஏர் ஸ்டெப்' எனப்படும் ஆகாய அசைவுகள் அங்கிருந்துதான் பரவின. நார்மா மில்லர் என்ற சிறுமியின் வீடு சவாய்க்குப் பின்புறமே இருந்தது. கேட்ட இசைக்குத் தானாகவே ஆடக் கற்ற அவர், பின்னாளில் ஃப்ராங்கியோடு 1941-இல் வெளிவந்த 'ஹெல்ஸாபாப்பின்' படத்தில் ஆடினார். அந்தக் காட்சியில் இவர்கள் சமையல்காரர்களாகவும் வேலைக்காரர்களாகவும்தான் உடையணிந்து வருகிறார்கள். சினிமா அவர்களை அப்படித்தான் பார்த்தது!

<b>பூட்டிய கதவு</b>

1943 ஏப்ரலில் சவாய் மூடப்பட்டது. அங்கே சந்தித்த பெண்களால் ராணுவ வீரர்களுக்குப் பால்வினை நோய் வந்தது என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். ஹார்லெம் மக்கள் நம்பவில்லை. நகரின் வெள்ளையர் பகுதியில் இருந்த ஓட்டல்களும் நடனக் கூடங்களும் திறந்தே இருக்க, சவாய்க்கு மட்டும் ஏன் பூட்டு? இரண்டு இனத்தவரும் கைகோர்த்து ஆடியதுதான் உண்மையான குற்றம் என்று அவர்கள் கருதினார்கள். அந்த ஆகஸ்டில், ஒரு கறுப்பினப் படைவீரரைப் போலீஸ்காரர் சுட்டதைத் தொடர்ந்து ஹார்லெமில் பெரும் கலவரம் வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். கலவரத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கோடையில் சேர்ந்திருந்த கசப்பில் சவாயின் பூட்டும் ஒன்று.

அக்டோபரில் சவாய் மறுபடி திறந்தது. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. நடனம் உள்ள கேளிக்கை இடங்களுக்கு 1944-இல் மத்திய அரசு கடுமையான வரி போட்டது. ஜாஸும் மெல்ல மெல்ல உட்கார்ந்து கேட்கும் இசையாக மாறியது. 1958-இல் சவாய் நிரந்தரமாக மூடப்பட்டது. கட்டிடத்தை இடித்து அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள்.

ஃப்ராங்கி மேனிங்? தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து சுமார் முப்பது ஆண்டுகள் உழைத்தார். 1980-களில் பழைய படங்களைப் பார்த்து மயங்கிய இளைஞர்கள் கலிபோர்னியாவிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் தேடி வந்து "எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்" என்று கேட்டார்கள். எழுபது வயதை ஒட்டிய அந்தத் தபால்காரர் மறுபடி ஆடத் தொடங்கினார். 2009-இல் இறக்கும் வரை உலகம் சுற்றிக் கற்றுக் கொடுத்தார். அவருடைய பிறந்த நாளான மே 26 இன்று உலக லிண்டி ஹாப் தினம்.

2002-இல் அதே மே 26 அன்று, சவாய் இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். திறந்து வைத்தவர்கள் ஃப்ராங்கியும் நார்மாவும். பலகையில் பெரிய பெரிய கலைஞர்களை நினைவுகூரலாம். ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தத் தளத்தைத் தேய்த்தவர்களில் பெரும்பாலோர், விடிந்தால் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போக வேண்டியவர்கள்தான். அவர்கள் பெயர் எதிலும் இல்லை. வியாழக்கிழமை இரவு அவர்கள் ஆடிய ஆட்டம் மட்டும் இன்றும் ஆடப்படுகிறது.