நீரில் மறைந்த ஊர்

பல்லேகலவுக்குக் கிழக்கே இன்று நாம் காணும் தெல்தெனிய புதிய நகரமாகும். பழைய நகரம், 1985-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தினுள் மறைந்தது. வரட்சியில் நீர் வற்றுங்கால் இடிபாடுகள் மட்டும் தலைகாட்டும்.

ஓர் ஊரை உள்ளவாறே பதிந்து வைக்கும் கருவி அந்நாளில் நம்மிடம் இருக்கவில்லை. இன்று உண்டு. லேசர் ஒளி சுவரிற்பட்டுத் திரும்புவதைக் கொண்டு அக்கருவி தூரத்தை அளக்கின்றது. இலட்சக்கணக்கான அளவுகள் சேர்ந்து கட்டடத்தின் உருவமாகின்றன. மெய்நிகர்க் கண்ணாடி அணிந்தவர் அதனுள்ளே நடப்பதாகவே உணர்வார். பாமியன் புத்தர் சிலைகள் 2001-இல் தகர்க்கப்பட்டமை கண்டு வருந்திய பென் கசீரா என்னும் பொறியியலாளர், 2003-இல் அமெரிக்காவில் சைஆர்க் நிறுவனத்தைத் தொடங்கினார். குஜராத்திலுள்ள இராணியின் படிக்கிணறு 2011-இல் இவ்வாறு பதியப்பெற்றது.

ஆயினும், கருவி கல்லைக் காட்டுமேயன்றிக் கல்லின் கதையைக் கூறாது. கண்டிக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரை 1344-இல் எழுந்தது. அதனை அமைத்த சிற்பாசாரியார் கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். பௌத்த விகாரையில் திராவிடச் சிற்பமுறை விளங்கும் காரணத்தைக் கண்ணாடி தானே உரைக்குமா? கல்வெட்டைக் கற்றோரே உரைப்பர்.

பழைய தெல்தெனியவில் வாழ்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். இளைஞர்காள்! அவர்களிடம் சென்று, கடைகள் இருந்த இடம், வழிபாட்டிடங்கள் இருந்த திசை, வீதிகளின் பெயர் யாவற்றையும் கேட்டெழுதுங்கள். பழைய நிழற்படங்களையும் தேடிச் சேருங்கள். நாளை எவரேனும் அவ்வூரைக் கண்ணாடியினுள் மீண்டும் எழுப்ப முற்படின், நீங்கள் எழுதிய ஏடே அதற்கு அத்திவாரமாகும்.