சான் மாலோவில் ஒரு வாடகைக் கார், மதராஸில் ஒரு கல்தூண்

பூனாவில் 14 வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். சிங்கட் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டியவன் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று ஒரு திமிர் இருந்தது. பிரான்ஸில் ரென் ரயில் நிலைய வாசலில் வாடகைக் காரை எடுத்த முதல் ஐந்து நிமிஷத்தில் அது இறங்கிவிட்டது. இண்டிகேட்டர் போடுகிறேன் என்று வைப்பரைப் போட்டேன். கியர் மாற்ற இடது கையை வீசினால் அது கதவில் போய் இடித்தது. தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயசு மகள் பின் சீட்டில் இருந்து, "அப்பா, மழையே பெய்யலையே, எதுக்கு வைப்பர்?" என்றாள்.

ஆபீஸ் வேலையாக ரென் நகரத்துக்கு இரண்டு வாரம் அனுப்பியிருந்தார்கள். சொந்தச் செலவில் வீட்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நடுவில் கிடைத்த சனி ஞாயிறில் எங்கே போகலாம் என்றபோது எல்லோரும் சொன்ன ஊர் சான் மாலோ. இங்கிலாந்தைப் பார்த்த மாதிரி வடக்குக் கடலோரத்தில், சுற்றிலும் கருங்கல் மதிலோடு நிற்கிற பழைய துறைமுகம். எழுபது கிலோமீட்டர்தான், ரயிலே போகிறது. ஊரைப் பார்க்கக் காலே போதும், மதிலின் மேல் ஒரு சுற்று சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் எதற்குக் கார்? அந்த ஊர் எங்கே சம்பாதித்தது, எங்கே செலவழித்தது, எங்கே அடிபட்டது என்பதெல்லாம் மதிலுக்கு வெளியே சிதறிக் கிடக்கிறது. அதற்குத்தான் கார்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1746-ல் மதராஸைப் பிடித்த ஆள் பிறந்த ஊர் இது. நான் பிறந்தது ஏழுகிணறு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரே வரியில் படித்த பெயர், நேரில் போய்ப் பார்ப்போமே என்றுதான்.

கார் எடுக்கப்போகிறவர்களுக்கு நான் பட்ட அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். நம்ம ஆர்.டி.ஓ.வில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் ஒரு வருஷம் செல்லும், கூடவே அசல் லைசென்ஸும் வேண்டும். டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பின் சீட்டில், அவர்களுக்கான இருக்கையில்தான் உட்கார வேண்டும், அதற்குத் தனி வாடகை. வண்டியை எடுக்கும்போதே எல்லாக் கீறலையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போர்டு எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும், அவன் சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி. முக்கியமாக, பங்கில் 'கஸோல்' என்று எழுதியிருந்தால் அது டீசல். பெயரைப் பார்த்துப் பெட்ரோல் என்று நினைத்து நான் குழாயைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்து வண்டிக்காரப் பாட்டி ஒருவர் போட்ட சத்தத்தில் இன்ஜின் பிழைத்தது. பிரிட்டனி பகுதி விரைவுச் சாலைகளில் டோல் கிடையாது, அது ஒரு நிம்மதி.

சரி, ஊருக்கு வருவோம்.

மதிலுக்குள் கார் ஓட்டுவது வீண் வேலை. சான் வான்சான் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம். உயரமான சாம்பல் நிறக் கருங்கல் வீடுகள், செங்குத்தான கூரைகள், புகைபோக்கிகள். மதில் மேல் ஏறினால் ஒரு பக்கம் ஊர், மறு பக்கம் கடல். கடற்கொள்ளைக்கு அரசனிடமே உரிமம் வாங்கிய கப்பல்காரர்களின் ஊர் இது. அந்தக் கூட்டத்தில் பேர் போனவர் சுர்கூஃப். 1800-ல் நம்ம வங்காள விரிகுடாவில் 'கென்ட்' என்ற பெரிய ஆங்கிலக் கப்பலைப் பிடித்தவர். அடிமை வியாபாரமும் செய்தவர். மதில் மேல் அவருக்குச் சிலை இருக்கிறது, கடலை நோக்கிக் கை நீட்டியபடி. "யாரைத் திட்டுறார்?" என்று மகள் கேட்டாள். இங்கிலாந்துக்காரனை என்றேன்.

கடல் நன்றாக உள்வாங்கியிருந்த நேரம். எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை இருக்கும் கிரான் பே என்ற குட்டித் தீவுக்கு மணலிலேயே நடந்து போனோம். கடல் ஏறிவிட்டால் திரும்பிவர வழி இருக்காது, அதனால் அலை நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அங்கிருந்து திரும்பிப் பார்க்கும்போது ஊர் ஒரே கல்லில் செதுக்கின மாதிரி தெரிந்தது. "இது எவ்ளோ பழசுப்பா?" என்றாள் மகள். ஐந்நூறு வருஷம் இருக்கும்மா என்று பெருமையாகச் சொன்னேன்.

தப்பு. அன்றைக்கு மத்தியானமே அது தப்பு என்று தெரிந்தது.

காரை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே அலெத் முனைக்குப் போனோம். சான் மாலோவுக்கும் முந்திய ஊர் அங்கேதான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அந்த முனையைக் குடைந்து கோட்டையாக்கினார்கள். இரும்புக் கவிகைகள் இன்னும் நிற்கின்றன. அமெரிக்கக் குண்டுகள் பட்ட பள்ளங்கள் அந்த இரும்பில் அம்மைத் தழும்பு போல இருக்கின்றன. மகள் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தாள். 1944 ஆகஸ்டில் இந்தக் கோட்டையைப் பிடிக்க நடந்த சண்டையில், எதிரே இருந்த மதில் சூழ்ந்த ஊர் எரிந்து போனது. மதிலுக்குள் ஜெர்மன் படை பெரிதாக இருப்பதாக அமெரிக்கர்கள் நம்பினார்கள், உண்மையில் அங்கே இருந்தவர்கள் மிகச் சிலர். பீரங்கி, விமானக் குண்டு, தீ எல்லாம் சேர்ந்து, மதிலுக்குள் இருந்த 865 கட்டடங்களில் 683 அழிந்தன. சான் வான்சான் பேராலயத்தின் கோபுரமும் விழுந்தது. மதில் மட்டும் பெரும்பாலும் தப்பியது.

காலையில் நாங்கள் வாயைப் பிளந்து பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை என் அப்பாவை விட இளையவை. இடித்துவிட்டுப் புதுசாகக் கான்கிரீட் நகரம் கட்டலாம் என்று அவர்கள் போகவில்லை. இடிபாட்டுக் கருங்கல்லைப் பொறுக்கி, பிரித்து, திரும்பப் பயன்படுத்தினார்கள். லூயி அரெஷ் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில், அதே உயரம், அதே சாய்வுக் கூரை, அதே புகைபோக்கி வரிசை என்று 1960 வாக்கில் ஊரை எழுப்பி முடித்தார்கள். அச்சு அசல் நகல் இல்லை, தெருக்களைக் கொஞ்சம் அகலப்படுத்தி, நெரிசலைக் குறைத்துக் கட்டினார்கள். பேராலயக் கோபுரம் திரும்ப வர 1970களின் தொடக்கம் ஆகிவிட்டது. முதலில் ஏமாந்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பழைய ஊர் என்று காசு கொடுத்து வந்தால் என் வயசுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரைக் காட்டுகிறார்களே!

மறுநாள் கிழக்கே சான் கூலோம் கிராமப் பக்கம் போனோம். சான் மாலோ கப்பல் முதலாளிகள் ஊருக்கு வெளியே, குதிரையில் சீக்கிரம் துறைமுகத்துக்கு ஓடிவரும் தூரத்தில், தோட்டத்தோடு கட்டிக்கொண்ட மாளிகைகள் 'மாலூயினியேர்'. சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பஸ் போகாத வயல் பாதைகளில் இருப்பதால் கார் இல்லாமல் பார்ப்பது கஷ்டம். நாங்கள் பார்த்த வில் பாக் மாளிகை 1715-ல் கட்டியது. அந்த வருஷத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கி, இந்திய வியாபார உரிமையைச் சான் மாலோ வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த காலம் அது. 1719-ல் புதுக் கம்பெனி வரும் வரை, புதுச்சேரித் துணியும் மிளகும் இந்த ஊர் முதலாளிகளின் கப்பலில்தான் போயின. நம்ம நெசவாளியின் தறிக்கும் இந்தப் புகைபோக்கிகளுக்கும் நடுவே கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடு இழுக்கலாம்.

அந்தக் காலத்துச் சான் மாலோவில் வளர்ந்த பையன்தான் பெர்த்ராண் பிரான்சுவா மஹே த லா பூர்தொனே. 1699-ல் பிறந்து, பத்து வயசில் கப்பல் ஏறியவர். 1735-ல் மொரீஷியஸ், ரியூனியன் தீவுகளுக்குக் கவர்னர் ஆனார். போர்ட் லூயி துறைமுகத்தை ஊராக்கியவர் அவர். அந்த ஊரைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் போனார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப்போன நம் ஆட்களின் பட்டியலில் அந்தக் கொத்தர்கள் ரொம்ப முன்னால் வருகிறார்கள். லேப்டாப் பையோடு போகிற நாமெல்லாம் ரொம்பப் பின்னால்.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே கப்பற்படையோடு மதராஸுக்கு வந்தார். சில நாள் குண்டுமாரியில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பணிந்தது. 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. புதுச்சேரி கவர்னர் டூப்ளே கூடவே கூடாது என்றார். இரண்டு பேருக்கும் நடந்த இழுபறியை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரியில் இருந்து எழுதினாலும் பிள்ளை பிறந்தது பெரம்பூரில், பிடிபட்டது அவர் சொந்த ஊர். அக்டோபரில் அடித்த புயலில் லா பூர்தொனேயின் கப்பல்கள் சின்னாபின்னமாயின. அவர் மதராஸைக் கைவிட்டுக் கிளம்பினார். ஊர் திரும்பியவரை லஞ்சம், துரோகம் என்ற குற்றச்சாட்டில் பஸ்தீல் சிறையில் போட்டார்கள். 1751-ல் குற்றமற்றவர் என்று விடுதலை, 1753-ல் மரணம். மதராஸை 1748 உடன்படிக்கைப்படி ஆங்கிலேயருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பதிலுக்குப் பிரான்ஸுக்குக் கிடைத்தது கனடாவில் லூயிபூர் கோட்டை.

இவ்வளவுதான் பாடப் புத்தகம் சொல்லும். அதில் இல்லாதது நம்ம ஊர்க் கதை. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, மதிலை ஒட்டியே, பழைய கறுப்பர் நகரம் இருந்தது. நெசவாளிகள், துபாஷிகள், வியாபாரிகள் குடியிருந்த ஊர், நடுவே சென்னகேசவர் கோவில். லா பூர்தொனே போன பின், பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்கு நெருக்கமாக இருந்த வீடுகளை இடித்தார்கள், பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமாம். திரும்பி வந்த ஆங்கிலேயர் மிச்சத்தையும் இடித்தார்கள். 1757-ல் கோவிலும் போனது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியில் பூக்கடைப் பக்கம் புதுசாகக் கோவில் எழும்பியது. ஜனங்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். இதற்கு மேல் கட்டக்கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். பழைய ஊர் இருந்த இடத்தில் இப்போது உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கின்றன.

என் அப்பா அந்த நீதிமன்றத்தில் 30 வருஷம் எழுத்தராக இருந்தார். தினமும் ஏழுகிணற்றிலிருந்து நடந்தே போவார். தன் காலுக்குக் கீழே ஒரு ஊர் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்கே பூனா வந்த பிறகு படித்துத்தான் தெரியும்.

ரென் திரும்பும் வழியில் தங்கமணி கேட்டாள், "காலையிலேருந்து என்ன யோசனை? அவங்க ஊர் எரிஞ்சதுக்கு வருத்தமா, நம்ம ஊரைப் பிடிச்சதுக்குக் கோபமா?" இரண்டும் இல்லை என்றேன். ஏமாற்று என்று முதல் நாள் நினைத்தேனே, அது சரியில்லை என்று புரிந்துவிட்டது. அந்த ஊரின் வயசு கல்லில் இல்லை. இங்கேதான் எங்கள் ஊர் இருந்தது, திரும்ப இங்கேதான் இருக்க வேண்டும் என்று எழுபது எண்பது வருஷத்துக்கு முன் சிலர் பிடிவாதம் பிடித்தார்களே, அதில் இருக்கிறது. 1757-ல் மதராஸ்காரர்களுக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்க உரிமை இருக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். கோவிலை மட்டும் விடாமல் வேறு இடத்தில் எழுப்பினார்கள்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது புதுக் கீறல் ஒன்றும் இல்லை, என் கௌரவத்தைத் தவிர.

அடுத்த பொங்கலுக்குச் சென்னை போனபோது மகளைப் பாரிமுனைக்குக் கூட்டிப்போனேன். டேர் ஹவுஸ் ஓரத்தில், பஸ் புகைக்கும் ஹாரனுக்கும் நடுவில், 1773-ல் நட்ட தூண்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. சின்ன வயசில் அதன் பக்கத்தில் ஆயிரம் தடவை பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன். இதுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருந்தது, இடிச்சுட்டாங்க என்று சொன்னேன். அவள் தூணைத் தொட்டுப் பார்த்தாள், அலெத்தில் இரும்புப் பள்ளத்தைத் தொட்ட மாதிரியே.

"அந்த ஊர்க்காரங்கல்லாம் எங்கப்பா போனாங்க?"

இந்தப் பக்கம் என்று வடக்கே கையைக் காட்டினேன். "தாத்தா வீடு இருக்குல்ல, அந்தப் பக்கமா."