ரேடியேட்டரின் சரித்திரம்

ஜெய்ப்பூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து எங்கள் கார் ரேடியேட்டரை வீட்டிலேயே கழுவுகிறேன். பி.காம். படித்தவனுக்கும் பிடிக்கிற கணக்கு அதில் இருக்கிறது.

1888-இல் பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு கார் ஓட்டிப் போனபோது, தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும்; வழியெல்லாம் ஊற்ற வேண்டியிருந்தது. 1900-இல் மேபாக் தேன்கூடு ரேடியேட்டர் செய்தார். 8,070 சிறு குழாய்களுக்குள் காற்று, அவற்றின் இடுக்குகளில் தண்ணீர். 18 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டரே போதும்!

லாபம் வந்த வழியிலேயே நஷ்டமும் வந்தது. இடுக்கு குறுகினால் உப்பு சீக்கிரம் அடைக்கும். இன்றைய ரேடியேட்டருக்கும் இதே கதைதான். அதனால் போர் தண்ணீர் வேண்டாம்; டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆறாமல் மூடியைத் திறக்காதீர்கள். பழைய கூலண்டைத் தெருவில் கொட்டாதீர்கள். எதிலீன் கிளைக்கால் இனிக்கும்; நக்கிய நாய் செத்துப்போகும்.