கேரவன்: ஸ்டியரிங்கும் சாலைப்பிடிப்பும்

படுக்கை, சமையலிடம், கழிவறை ஆகியவற்றைத் தன்னுள்ளேயே கொண்ட ஊர்தியைத் தமிழ்நாட்டில் கேரவன் என்கிறார்கள். படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாகவே பெரும்பாலோருக்கு இது அறிமுகம். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு பயண வண்டியாகவும் பேசப்பட்டது. இந்தியாவில் பெரும்பாலும் ஃபோர்ஸ் டிராவலர் போன்ற வேனையோ பேருந்துச் சேஸியையோ (பாடி இல்லாத அடித்தளச் சட்டகம்) வாங்கித்தான் கேரவன் கட்டுகிறார்கள். அதே ஆண்டில் கேரளத்தில் அறிமுகமான ஒரு வண்டிக்கு அடித்தளம், சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் 1017 பேருந்துச் சேஸி. சேஸியை வடிவமைப்பவர் ஒருவர், அதன்மேல் பாரத்தை அடுக்குபவர் வேறொருவர். ஓட்டும்போது தெரியும் குறைகள் பலவும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

ஓசூருக்கு வடக்கே, கர்நாடக எல்லையை ஒட்டிய பாகலூர் வட்டாரம் கனரக வண்டிகளுக்குப் பழகியது. ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை 1980 முதல் இயங்குகிறது. அந்தக் குறைகளைச் சரிசெய்ய, முன்சக்கரங்களைத் திருப்பும் கிங் பின், டை ராட் பாகங்களில் வேலை தெரிந்த பட்டறைகளை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. கேரவனுக்கு வேண்டியதும் பெரும்பாலும் லாரி வைத்தியம்தான்.

உயரமான பக்கச்சுவரும் மேலே ஏறிய எடைமையமும் கேரவனின் இயல்பு. தேசிய நெடுஞ்சாலை 44இல் கன்டெய்னர் லாரி ஒன்று முந்தும்போது அதன் முகப்புக் காற்று வண்டியை முதலில் வெளியே தள்ளும். லாரி கடக்கக் கடக்க உள்ளே இழுக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இதே வேலையைப் பக்கக்காற்று செய்யும். நேர்சாலையிலும் ஓட்டுநர் ஓயாமல் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருந்தால், அதற்குக் காற்று மட்டும் காரணம் என்று விட்டுவிடக் கூடாது.

முதல் சோதனை பட்டறையில் அல்ல, எடை மேடையில். தண்ணீர், எரிவாயு உருளை, பயணிகள் எல்லாவற்றோடும் முன்னச்சு, பின்னச்சு எடைகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். சக்கர இடைத்தூரம் 4 மீட்டர் உள்ள வண்டியில், பின்னச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் பின்னச்சில் 200 அல்ல, 300 கிலோ ஏறுகிறது; முன்னச்சில் 100 கிலோ குறைகிறது. முன்சக்கரம் சாலையை அழுத்தாவிட்டால் ஸ்டியரிங் லேசாகும், சொன்ன பேச்சும் கேட்காது. ஜெனரேட்டர், பேட்டரி, தண்ணீர் ஆகியவற்றை இரு அச்சுகளுக்கு இடையே, தாழ்வாக நகர்த்துவதைவிடப் பலன் தரும் உதிரிபாகம் எதுவும் கடையில் கிடைக்காது. பாடி கட்டும் முன்பே இதை யோசித்தால் செலவும் இல்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சக்கர இடைத்தூரத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன.

அடுத்தது டயர். அச்சில் விழும் எடைக்கு ஏற்ற காற்றழுத்தத்தை டயர் நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து வைக்க வேண்டும். கேரவன் ஓடும் நாளைவிட நிற்கும் நாள் அதிகம் என்பதால் ரப்பர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடுகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும்.

வீல் அலைன்மென்ட்டைப் பயணத்துக்கான பாரத்தோடு பார்ப்பதே சரி. காலி வண்டியில் எடுத்த அளவு பாரம் ஏறியதும் மாறிவிடும். அதற்கு முன் டை ராட் முனைகள், கிங் பின், ஸ்டியரிங் பெட்டி ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பெட்டியின் திருகை அளவுக்கு மீறி முடுக்கினால் ஆட்டம் மறைந்ததுபோல் தோன்றும். ஆனால் திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. நேரோட்டம் போதாத பழைய வண்டிகளில் முன்னச்சுக்கும் வில்பட்டைக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு செருகி கேஸ்டர் கோணத்தை (திருப்பு அச்சின் பின்சாய்வை) கூட்டுவதும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி சாய்ந்தாடினால் புதிய ஷாக் அப்சார்பரும், இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரும் உதவும். பின்புறம் மட்டும் மிக விறைப்பான ஆன்டி ரோல் பாரைப் பொருத்தினால் மழைச்சாலையில் வால் விலகும். பான்ஹார்ட் ராட் அச்சு பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்கிறது. ஸ்டியரிங் டாம்பர் அதிர்வைத்தான் விழுங்கும், மூலக் குறையைத் தீர்க்காது. ஆனாலும் முதலில் விலைபேசப்படுவது பெரும்பாலும் இதுதான்.

தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் இந்தத் திருத்தங்கள் எதுவும் கியருக்கு ஈடாகாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் எஞ்சின் பிடிப்பு போய்விடும். பிரேக் சூடேறித் தளரும். அதே இறக்கத்தின் திருப்பங்களில் பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைந்து ஆட்டத்தைக் கூட்டும் என்பதால் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைக்கிறார்கள்.

இந்தத் திருத்தங்களுக்குச் சட்ட வரம்பும் உண்டு. மோட்டார் கேரவனுக்கான இந்தியத் தரநிலை ஏ.ஐ.எஸ். 124. தேய்ந்த பாகத்துக்கு அதே வகைப் பாகத்தை மாற்றுவதில் சிக்கல் இல்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதி தேவைப்படும் வேலைக்கு முதலில் பதிவு அலுவலகத்தை நாட வேண்டும்.