ஸ்கிரீன் பிரிண்ட் ஓவியத்துக்கு எந்தப் பேப்பர்? ஜிஎஸ்எம் மட்டும் பார்த்தால் போதுமா?

நாலு நிற ஓவியத்தை ஸ்கிரீன் பிரிண்ட் போட்டால், பேப்பர் நாலு முறை மை வாங்கிக் காயும். வாட்டர் பேஸ்டு மை என்றால் மெல்லிய பேப்பர் நெளியும். அடுத்த நிறம் இடம் விலகிடும்.

எவ்வளவு கனம்?
250 முதல் 300 ஜிஎஸ்எம் நல்லது. அதாவது, ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை அத்தனை கிராம். 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அதனால் ஒரு ஏ4 தாளின் எடையை 16-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் தெரிஞ்சிடும். 300 ஜிஎஸ்எம் என்று விற்கும் தாள் சுமார் 19 கிராம் இருக்கணும்.

எதில் செய்தது?
மலிவான மரக்கூழ் பேப்பர் நாளடைவில் மஞ்சளாகும். காசு கொடுத்து வாங்கியவர் சுவரில் அது நடக்கக் கூடாது. ஆசிட் ஃப்ரீ பருத்திப் பேப்பராகக் கேளுங்க. ஜெய்ப்பூர் அருகே சாங்கனேரில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையாலேயே செய்கிறார்கள்.

கையால் செய்த பேப்பரில் என்ன கவனிக்கணும்?
ஓரம் பிசிறாக இருந்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை ஒரே இடத்தில் வைக்க முடியாது. இரண்டு ஓரத்தையாவது நேராக வெட்டுங்க. சொரசொரப்பான பரப்பில் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டு விழும், வழவழப்பானதே நல்லது.

மொத்தமா வாங்கும் முன் ரெண்டு தாளில் எல்லா நிறமும் அடிச்சுப் பாருங்க.