கால அட்டவணையும் கடற்கரை மாந்தரும்: நார்வேயின் விரைவுக் கப்பல் மார்க்கம் குறித்து ஒரு விசாரணை

எளிதில் எட்டாத கடற்கரைகளுக்குக் கப்பல் விடுவதைப் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும், உல்லாசப் பிரயாணிகள் திரளாக வந்தால் வருமானம் பெருகும், வருமானம் பெருகினால் அவ்விடத்து மக்களுக்கும் போக்குவரத்துச் சௌகரியம் தானே வாய்க்கும் என்னும் அனுமானத்திலிருந்தே தொடங்குகிறார்கள். காரியத்தைக் காரணமென்று மயங்கியதன் விளைவே இவ்வனுமானம் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, பெர்கன் நகரிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்கெனஸ் வரை 34 துறைகளைத் தொட்டு, போகவும் வரவும் 12 நாட்கள் கொள்ளும் நார்வேயின் ஹுர்ட்டிரூட்டன் மார்க்கம்.

1890களின் தொடக்கத்தில் டிரோன்ட்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரமும், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரையிலும் ஆயிற்று. வாரந்தோறும் தவறாது செல்லும் விரைவுக் கப்பல் வேண்டுமென்று அரசாங்கத்தின் கப்பல் ஆலோசகர் அவுகுஸ்ட் கிரான் முன்மொழிந்தபோது, அக்காலத்துப் பெரிய கப்பற் கம்பெனிகள் இரண்டும் மறுத்துவிட்டன. மறுத்ததில் வியப்பில்லை. டிரோன்ட்ஹெய்முக்கு வடக்கே அந்நாளில் இருந்த கலங்கரை விளக்கங்கள் 28 மட்டுமே. பாறையும் தீவும் நெருங்கிய அக்கடலில், சூரியனே உதிக்காத வாரங்களில் கப்பலோட்டத் துணிவார் யார்? துணிந்தவர், வெஸ்டரோலன் தீவுகளில் ஒரு சிறு கம்பெனியை நடத்திவந்த கப்பல் தலைவர் ரிச்சர்ட் வித். அவரும் அவருடைய வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்ட்டேயும், ஒவ்வொரு திருப்பத்திலும் எத்திசையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் செல்ல வேண்டும் என்பதைப் பிரயாணந்தோறும் குறித்துவைத்து, திசைகாட்டியும் கடிகாரமும் இருந்தால் கரை தெரியாத இருளிலும் செல்லலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தனர். 1893 ஜூலை 2ஆம் தேதி ‘வெஸ்டரோலன்’ என்னும் நீராவிக் கப்பல் டிரோன்ட்ஹெய்மை விட்டுப் புறப்பட்டு, 67 மணி நேரத்தில் ஹம்மர்ஃபெஸ்டை அடைந்தது.

இதே வித், 1896இல் கோடைப் பிரயாணிகளுக்கென்றே ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வாராந்தரக் கப்பல் விட்டு, அங்கே ஒரு விடுதியும் எழுப்பினார். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. தபாலுக்கும் சரக்குக்கும் ஊராருக்கும் என ஏற்பட்ட மார்க்கமோ, 1898இல் தெற்கே பெர்கன் வரையிலும், பின்னர் கிழக்கே கிர்கெனஸ் வரையிலும் நீண்டு, 1936 முதல் நாள்தோறும் புறப்படுவதாயிற்று. இன்று வடதுருவ ஒளியைக் காண விரும்புவோர் கடுங்குளிரில் இக்கப்பல்களை நாடி வருகிறார்களென்றால், அவர்களை எண்ணிப்பாராத காலத்திலேயே, ஊராரின் அவசியத்துக்காகக் குளிர்காலத்திலும் கப்பல் ஓடிப் பழகியிருந்ததே அதற்குக் காரணம்.

அட்டவணைக்குள்ளேயே இரு சாராருக்குமுரிய பங்கைக் காணலாம். வடக்கே செல்லும்போது இரவில் தொடும் துறைகளைத் தெற்கே திரும்பும்போது பகலில் தொடுமாறு பொதுவாக அது அமைந்திருக்கிறது. நார்த் கேப் முனைக்குச் செல்வோர் இறங்கும் ஹோன்னிங்ஸ்வோகில் வடக்கு நோக்கிய கப்பல் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் காத்திருக்கிறது. திரும்பும் கப்பல் அங்கே விடியற்காலையில் கால் மணி நேரமே நிற்கிறது. ஓக்ஸ்ஃபியூர்ட் போன்ற சிற்றூரிலோ, வடக்கு நோக்கிய கப்பலும் நள்ளிரவு கடந்த பின் கால் மணி நேரம்தான் நிற்கிறது. ஆயினும் அந்தக் கால் மணி நேரத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்; சரக்கு இறங்குவதும், அடுத்த ஊருக்குச் செல்பவர் ஏறுவதும் அதற்குள்தான்.

இதற்கு மாறான ஒரு நிலையைக் கனடாவின் மேற்குக் கரையில் காண்கிறோம். வான்கூவர் தீவின் போர்ட் ஹார்டியிலிருந்து பெல்லா கூலாவுக்கு 1996இல் கோடைக்காலத்துக்கு மட்டுமென்று தொடங்கிய நேர்மார்க்கம், நஷ்டக் கணக்கைக் காட்டி 2013ஆம் ஆண்டுக் கோடையோடு நிறுத்தப்பட்டது. சுற்றி வரும் வழிக்கு 16 கார்களே கொள்ளும் சிறு கப்பல் ஒன்று விடப்பட, உட்பிரதேசம் வரையிலும் விடுதி நடத்துவோர் பெரிதும் கிலேசமுற்றனர். நேர்மார்க்கம் மீண்டது 2018இல். கோடைப் பிரயாணியையே ஆதாரமாகக் கொண்ட மார்க்கத்தை, நஷ்டமென்று சொல்லி நிறுத்திவிடுவது எவ்வளவு எளிது என்பதை இது காட்டுகிறது.

நார்வேயிலும் சாலைகளும் சுரங்கவழிகளும் பெருகிவிட்டன, விரைந்து செல்ல வேண்டியவர் விமானத்தில் செல்கிறார், ஆகையால் ஊராருக்கென அட்டவணை வகுப்பது பழமைப் பற்றே என்று ஆட்சேபிக்கலாம். இவ்வாட்சேபத்தில் பாதி உண்மையுண்டு. ஆனால் வடகோடியிலுள்ள ஃபின்மார்க் பகுதியின் மலைச் சாலைகள் பனிப்புயலில் அடைபடும் நாட்களும் உண்டு. அந்நாட்களில் கப்பலின் பிரயோஜனத்தைச் சராசரிப் பயணிக் கணக்கு கூறாது.

2021 முதல் ஏழு கப்பல்களை ஒரு கம்பெனியும் நான்கை மற்றொன்றுமாக ஏற்று, அரசாங்க ஒப்பந்தத்தின்படி இம்மார்க்கத்தை நடத்துகின்றன. அடுத்த ஒப்பந்தம் எழுதப்படுங்கால், குளிர்கால அட்டவணையை முதலில் வகுத்து, சிறு துறைகளில் நிற்கும் நேரத்தையும் உள்ளூர்ப் பிரயாணிகளுக்குரிய இடத்தையும் சரக்கிடத்தையும் அதில் ஸ்திரப்படுத்தி, கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் நுழைவது போன்ற கோடைச் சுற்றுகளை மிஞ்சும் நேரத்தைக் கொண்டே அமைக்க வேண்டும். துறையொன்றைத் தொடாமல் கடக்கும் கப்பலுக்கு அத்துறைக்குரிய மானியத்தைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.