வீடு வாங்குமுன் கட்டட ஆய்வு (மேட்டுப்பாளையம், புதுச்சேரி)

விலை பேசி முடிக்குமுன் வீட்டின் உறுதியையும் குறைகளையும் கட்டடப் பொறியாளரைக் கொண்டு கண்டறிதல். புதுச்சேரி அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான பிப்டிக்கின் தொழிற்பேட்டை அமைந்த மேட்டுப்பாளையத்தில் வீடு பார்ப்பவர்கள் பத்திரம், வில்லங்கச் சான்று, திட்டக் குழும ஒப்புதல் ஆகியவற்றோடு நின்றுவிடக் கூடாது. கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் பெரிதும் சந்தை மதிப்பையே கணிப்பார். அதைக் கட்டட ஆய்வு என்று நம்புவது ஆபத்து.

பொறியாளர் முதலில் தேடுவது நீரின் தடம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. சுவரடியில் உப்புப் பூத்தல், மொட்டைமாடித் தளக் கசிவு, குளியலறையின் மறுபக்கச் சுவரில் ஓதம் ஆகியவற்றைப் புதுச் சுண்ணாம்பு சில மாதங்கள் மறைத்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் பார்ப்பதே நல்லது. கடற்காற்று படும் ஊரில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்வதும் வழக்கம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகலமான வெடிப்பு அடித்தளம் இறங்கியதைக் காட்டக்கூடும். பூச்சில் மயிரிழையாகத் தெரிவது பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. மின் எர்த்திங், கழிவுநீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புத்தன்மை ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லலாம்.

புதிய அடுக்ககத்தில், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை) சட்டத்தின் 14ஆம் பிரிவு. பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.